காணாது ஈத்த பாராட்டு

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்துக் கிராமம் ஒன்றில், வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. நான் தமிழாசிரியையாக இருந்த அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். 2020 ஊரடங்கில் கைபேசியில் தன் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுவில் எழுத ஆரம்பித்தாள். 2023இல் அவள் எழுதிய ஒன்று முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோரிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த சில மாதங்களில் எழுதுவதையே விட்டுவிட்டாள். இப்போது மறுபடி எழுதுகிறாள். இடையில் நடந்ததை அவள் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

எழுதக் காரணம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்று பெண்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். நன்றாக எழுதிக்கொண்டிருந்து நின்றுபோனவர்களும் உண்டு. திட்டு வாங்கியதால் நின்றிருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நான் பக்கத்தில் இருந்து பார்த்த இந்த நிகழ்வில், அவளை நிறுத்தியது பாராட்டு.

அவள் எழுதியது

ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றதால் ஜாக்கெட் வரவில்லை. முதலில் எழுதியது ஓர் அளவு ஜாக்கெட்டைப் பற்றி. தைக்கக் கொடுக்கிறவர்கள், உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கென்று கொண்டுவந்து தருவார்கள். ஒரு பாட்டி கொண்டுவந்தது பல வருஷத்துக்கு முந்தைய ஜாக்கெட். உடம்பு அதற்குள் வற்றிப் பாதியாகியிருந்தது. இந்த அளவில் தைத்தால் தொளதொளவென்று தொங்கும் என்று இவள் சொல்ல, பாட்டி கேட்கவில்லை. "அந்த ஒடம்புக்கே தச்சிக் குடு கண்ணு. போட்டுக்கறது நான்தான?" அவ்வளவுதான் கதை. கடைசியில் ஒரு வரி விளக்கம் கூடக் கிடையாது. என்னிடம் படித்த பிள்ளைகளில் இப்படி நிறுத்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. கழுத்து இறக்கமாக வேண்டும், ஆனால் மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று கேட்கும் மருமகள். கொக்கி வைக்க வந்து குடும்பக் கதை முழுக்கச் சொல்லிவிட்டுப் போகும் அக்கா. களி கிண்டும்போது கட்டி விழுந்ததற்கு வீட்டில் நடந்த சண்டை. பேச்சில் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும் எங்கள் பக்கத்துத் தமிழை அப்படியே எழுதினாள். சிரிப்பு நிறைய இருந்தது. படித்தவர்கள் இருபது முப்பது பேர் இருக்கலாம்: சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர், நான். இரண்டு நாள் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "அந்தக் கொக்கி அக்கா எங்க சித்தி மாதிரியே இருக்குது" என்று யாராவது சொல்வார்கள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. போதுமாக இருந்ததென்று அவளுக்கே அப்போது தெரியாது.

2023

அந்த ஜூலையில் நாடெங்கும் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளி மண்டிக்குப் பேர்போன ஊர்கள். விலையைப் பார்த்தவர்கள் எல்லோரும் நட்டார்கள். நாற்று நட்ட இரண்டு மாதத்தை ஒட்டிக் காய் பறிப்புக்கு வந்துவிடும். பழுத்ததை வைத்திருந்து விற்க வழியில்லை. செப்டம்பருக்குள் விலை விழுந்துவிட்டது.

அவள் கணவர் குத்தகை நிலத்தில் போட்டிருந்தார். மண்டிக்கு ஏற்றிக்கொண்டு போனவர், பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது என்று தெரிந்ததும் சாலையோரத்தில் கொட்டிவிட்டு வந்தார். வந்து, காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி அடுக்கினார். இரவு சாப்பிடவில்லை. அவள் அதை அன்றைக்கே எழுதினாள்.

அது பரவிய வேகத்தை அவளால் இன்னும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சென்னை, கோவை, சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். கைகூப்பிய படங்கள், அழுத முகங்கள், "கண் கலங்கிவிட்டது சகோதரி", "விவசாயி வாழ்க". தைத்துக்கொண்டே பார்த்தாள், களி கிண்டிக்கொண்டே பார்த்தாள், நடுராத்திரி எழுந்து பார்த்தாள். இதில் அவள் குணத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. 1957இல் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விளக்கம் இருக்கிறது. எத்தனை கொத்துக்கு ஒருமுறை தீனி விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தால் புறா சளைக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும். கைபேசியை எடுத்தால் சில நேரம் எதுவும் இருக்காது, சில நேரம் நூறு பேர் இருப்பார்கள். அந்த நிச்சயமின்மை யாருடைய கையையும் சும்மா இருக்க விடாது.

எனக்குக் கவலை தந்தது அவள் தூக்கம் கெட்டது மட்டுமல்ல. அவள் வாக்கியங்களும் மாறின. அந்தக் கட்டுரைக்கு முன்னால் எழுதியதில் பத்தும், பின்னால் எழுதியதில் பத்தும் எடுத்து அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முன்னதில் ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னதில் யாரும் பேசுவதில்லை, கண்ணீர் விடுகிறார்கள். முன்னதில் கதை நின்ற இடத்தில் நிற்கிறது. பின்னதில் ஒவ்வொன்றின் கடைசியிலும், தனியாக ஒரு வரி, படிப்பவரை அழவைப்பதற்கென்றே நிற்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சு போய், எங்கும் செல்லுபடியாகும் ஒரு பொதுத்தமிழ் வந்துவிட்டது. சிரிப்பு அறவே இல்லை.

இதைப் பிற்பாடு அவளே என்னிடம் சொன்ன விதம் என்னுடையதைவிடத் தெளிவு: "நூறு ரூபா வித்தப்ப ஊரே தக்காளி நட்டுச்சில்ல தமிழம்மா, அந்த மாதிரி நானும் எதுக்கு வெல கெடச்சுதோ அதையே நட்டுக்கிட்டு இருந்தேன்."

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் தானாகவே ஆசை கொண்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம், வரைந்தால் முத்திரை ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் தரவில்லை. பிறகு வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்கென்று தெரிந்தே வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தக் குறைவு இல்லை. பாராட்டு கெடுதல் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எழுத உட்காரும் முன்பே பாராட்டு வந்து மடியில் உட்கார்ந்துகொண்டால் எழுதும் ஆசை வற்றத் தொடங்குகிறது. அந்த அளவு ஜாக்கெட் கதையை எழுதியபோது அவள் யாரிடமும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

மூன்று எதிர்வினைகள்

வந்து குவிந்தவற்றில் மூன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, யாரோ ஒரு ஆண் எழுதியது: உன் புருஷன் குடித்தே அழிக்கிறவனாக இருப்பான், அதை மறைத்துவிட்டுத் தக்காளி மேல் பழி போடுகிறாய். அவள் எழுத்தில் குடி என்ற பேச்சே இல்லை. அவள் கணவர் குடிக்கிறவரும் இல்லை. ஆயிரம் பேர் கைகூப்பிய இடத்தில் இந்த ஒருவனுக்கு விடிய விடியப் பதில் எழுதினாள். பதிலுக்குப் பதில் அவனும் எழுதினான். வேடிக்கை பார்க்க இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். தீயது நல்லதைவிட மனத்தில் ஆழமாக இறங்கும் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் உளவியலாளர் பாமைஸ்டர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அவளுக்கு அது பட்டே தெரிந்தது. கணவருக்கு இந்தச் சண்டையெல்லாம் தெரியாது. மண்டியில் யாரோ "உன் கதைய போன்ல படிச்சோம்பா" என்று சொன்னபோதுதான் தன்னைப் பற்றி எழுதியதே அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கோபப்படவில்லை. "எழுது, வேணாங்கல. என்னைய எழுதறப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுது" என்றார்.

இரண்டாவது, தருமபுரிக்காரப் பெண் ஒருவர் எழுதியது. கடுமையான தொனி. "புருஷன் சாப்பிடாததை எழுதினியே, அன்னிக்கு நீ சாப்பிட்டியா இல்லையான்னு ஏன் எழுதல?" இதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டு அழித்துவிட்டாள். ஆனால் மறக்கவில்லை.

மூன்றாவது கைபேசியில் வரவே இல்லை. தன் கூலிக்காசில் ரகசியமாக ஜாக்கெட் தைத்து, மாமியார் கண்ணில் படாதபடி இவள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் ஒரு வாடிக்கையாளரைப் பற்றி எழுதியிருந்தாள். பெயர் போடவில்லை. ஆனால் துணி மயில்கழுத்து நிறம் என்று எழுதிவிட்டாள். அந்தத் தெருவுக்கு அது போதும். சில நாளில் அந்த வீட்டுப் பெண்பிள்ளை வந்து, "அம்மா துணிய வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றது. தைக்காமல் இருந்த துணியை மடித்துக் கொடுத்தாள். அந்த எழுத்துக்கு அன்றைக்கும் இதயப் படங்கள் வந்துகொண்டிருந்ததால் இந்த ஒரு சொல்லின் கனம் அவளுக்கு உடனே தெரியவில்லை. தெரிந்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

தகடூர் வாசலில்

சில மாதம் கழித்து என்னைப் பார்க்க வந்தாள். என்னிடம் இருந்தது தமிழ்தான். வகுப்பில் நடத்திய இரண்டு பாட்டுகளை மறுபடி எடுத்தேன். இரண்டும் புறநானூற்றில் இருப்பவை, இரண்டும், தகடூர் என்று அன்று பெயர் பெற்றிருந்த எங்கள் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமானஞ்சியைப் பற்றியவை.

206ஆம் பாட்டு ஔவையார் பாடியது. அதியமான் பரிசில் தராமல் காலம் நீட்டிக்கிறான். ஔவை வாயிற்காவலனிடம் பேசுகிறார். புலவர்களை "வரிசைக்கு வருந்தும்" வாழ்க்கை உடையவர்கள் என்கிறார். உரிய மதிப்புக்காக ஏங்குவது எழுதுகிறவர்களோடு கூடப் பிறந்தது என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். உங்கள் அரசன் தன்னை அறியாதவனா, என்னை அறியாதவனா என்று கேட்டுவிட்டு, மூட்டை கட்டுகிறார். மரவேலை தெரிந்த தச்சனின் பிள்ளைகள் மழுவோடு காட்டுக்குள் போனால் பிழைப்புக்குக் குறைவுண்டா? அதுபோல, "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே". பதில் வராத மௌனத்துக்கு முன்னால் ஔவை பற்றிக்கொண்டது தன் கைத்தொழிலை. மெஷின் மிதிக்கிற பெண்ணுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

208ஆம் பாட்டுதான் இந்த நிகழ்வின் நடு. பெருஞ்சித்திரனார் மலையும் குன்றும் கடந்து அதியமானைப் பார்க்க வருகிறார். அவன் நேரில் காணாமலே, இதை வாங்கிக்கொண்டு போகச் சொல் என்று பரிசில் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்கவில்லை. என்னை எப்படி அறிந்தான் உங்கள் அரசன்? "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்", என்னைக் காணாமலே தந்த இந்தப் பொருளை வாங்கிப்போக நான் வியாபாரி அல்ல என்கிறார். என் தகுதியின் அளவை அறிந்து, பேணிக் கொடுத்தால் தினையளவு கொடுத்தாலும் இனிது என்கிறார். தினை இன்றும் விளைகிற மண்ணில் அதை விதையாகக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சின்னது என்று தெரியும்.

எதிர்வினையை நல்லது, கெட்டது என்று பிரிப்பது பயன்படாது என்பது என் முடிவு. கண்டு தந்ததா, காணாமல் தந்ததா என்று பிரிக்க வேண்டும். காணாமல் தந்த பாராட்டும் காணாமல் எறிந்த வசையும் ஒரே வகை. இரண்டும் அவளுக்கு வந்தவை அல்ல, அவள் பக்கம் கடந்துபோனவை. கூட்டம் எப்படிக் கூடுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 2013இல் முச்னிக், ஆரல், டெய்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு செய்தித் தளத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளை வைத்துச் சோதித்தார்கள். சிலவற்றுக்கு மட்டும், தொடக்கத்திலேயே பொய்யாக ஒரு விருப்பு (லைக்) சேர்த்தார்கள். அந்த ஒன்றால் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. கூட்டம் பெரும்பாலும் கூட்டத்தைப் பார்த்துத்தான் கைதட்டுகிறது. ஆயிரம் கைகூப்புகளில் எத்தனை அவள் எழுத்தைப் பார்த்துக் கூப்பியவை?

அதை எண்ணிப் பார்ப்பதே எங்கள் வேலையாயிற்று. வந்தவை எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தோம். எழுத்துக்குள் இருக்கும் ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பேசியதை மட்டும் நோட்டில் கையால் எடுத்தெழுதச் சொன்னேன். பாராட்டோ வசையோ, அது பொருட்டில்லை. அத்தனையும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தில் திருப்பூர்த் தையற்காரர் ஒருவர் இருந்தார். ஒரு ஜாக்கெட் முதல் சலவையிலேயே இறுகிப்போனதற்கு, போட்டவர் உடம்பு வைத்ததுதான் காரணம் என்று இவள் வேடிக்கையாக எழுதியிருந்தாள். அவர் கேட்டிருந்தார்: லைனிங் துணியை நனைத்துக் காயவைத்து அயர்ன் பண்ணிய பிறகுதானே வெட்டினீர்கள்? நனைக்காவிட்டால் துவைத்ததும் லைனிங் சுருங்கி மேல்துணியை இழுக்கும். அன்றைக்கு அவசரத்தில் நனைக்கவில்லை. அந்த ஜாக்கெட்டைப் பிரித்து, காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தாள். காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். வியாபாரிகள் கூடிப் பேசி விலையை இறக்கினார்கள் என்று இவள் எழுதியதை அவர் ஏற்கவில்லை. அந்த வாரம் கர்நாடகத்துக் கோலாரிலும் ஆந்திரத்து மதனப்பள்ளியிலும் தக்காளி வரத்து கொட்டியது, வெளியூர் லாரி இந்தப் பக்கம் எதற்கு வரும், கமிஷனைப் பற்றிக் கேள்வி கேள், அது வேறு என்று எழுதியிருந்தார். கணவரிடம் கேட்டபோது, "ஆமா, லாரியே வரல" என்றார். பக்கத்தின் கடைசியில், அழித்திருந்தாலும் நினைவிலிருந்து எடுத்தெழுதியது, அந்தத் தருமபுரிப் பெண்ணின் கேள்வி.

அந்தக் கேள்விக்குத்தான் அவள் முதலில் பதில் எழுதினாள், ஒரு புதிய கட்டுரையாக. அன்றிரவு அவள் சாப்பிட்டாள். மகளுக்குப் போட்டுவிட்டு, தானும் களியும் கீரையும் சாப்பிட்டாள். பசித்தது. கணவர் சாப்பிடவில்லை என்று எழுதும்போது தான் சாப்பிட்டதை விட்டுவிட்டாள், விட்டால்தான் எழுத்து நன்றாக அழும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. இதையெல்லாம் அப்படியே எழுதினாள். கடைசியில் தனி வரி இல்லை. அச்சில் ஏற வேண்டிய எழுத்து அது. அதற்கு வந்த விருப்புகள் முன்பு வந்தவற்றில் நூறில் ஒரு பங்கு கூட இராது.

இப்போது

முதல் வடிவத்தை நோட்டில் எழுதுகிறாள். யாரைப் பற்றி எழுதுகிறாளோ அவரிடம் படித்துக் காட்டுகிறாள். கணவர் சொல்லும் திருத்தங்கள் பெரும்பாலும் விலை, எடை, நேரம் பற்றியவை, சரியாகவும் இருக்கின்றன. கைபேசி அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிட்டாள். விருப்பு எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதியை முகநூலும் இன்ஸ்டாகிராமும் 2021இலேயே கொடுத்துவிட்டன. நான் சொல்லும் வரை அவளுக்கு அது தெரியாது. எதிர்வினைகளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருதரம் பார்க்கிறாள். எழுத்தைத் தொடாத பேச்சுக்குப் பதில் எழுதுவதில்லை, அது எவ்வளவு இனிப்பாக இருந்தாலும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். யாரும் எதுவும் சொல்லாத வாரங்கள் அவளுக்கு இன்னும் வலிக்கின்றன. இணையத்தில் கூடும் நூறு பேரில் தொண்ணூறு பேர் சும்மா படித்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் பேசுவார் என்று இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். மௌனமாக இருப்பவர்கள் படிக்காதவர்கள் அல்லர் என்று இதைக் காட்டி ஆறுதல் சொன்னேன். தலையாட்டினாள். ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை. மயில்கழுத்துத் துணிக்காரர் வீட்டுக்கு அவளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவர் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு இடத்தில்தான் தைக்கக் கொடுக்கிறார்.

ஒரு விஷயத்தில் அவளுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. எதிர்வினை சொல்லும் வழியையே அடைத்துவிட்டு எழுதினால் என்ன என்கிறாள். "சொல்றவங்க திண்ணைக்கு வந்து சொல்லட்டும் தமிழம்மா. மூஞ்சியப் பாத்துச் சொன்னா பொய் சொல்ல மாட்டாங்க." திருப்பூர்க்காரர் திண்ணைக்கு வருவாரா என்று கேட்டேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்ட பெண் முன்பின் தெரியாத வீட்டு வாசலில் வந்து நின்று அதைக் கேட்டிருப்பாரா? வாசலை அடைத்தால் காணாமல் தருகிறவர்களோடு கண்டு தருகிறவர்களும் வெளியே நின்றுவிடுவார்கள் என்பது என் வாதம். அவர்கள் வேண்டுமானால் கடுதாசி போடட்டும் என்கிறாள். தை மாதக் கல்யாண ஜாக்கெட்டுகள் முடியும் வரை திறந்தே இருக்கட்டும் என்று இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறாள். மாசியில் மறுபடி பேசுவதாக இருக்கிறோம்.